தந்தை மலைமேல் நின்ற பிள்ளை

பழனியின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து நோக்கும் அன்பர்களுக்கு இரண்டு குன்றுகள் தென்படும். ஒன்று தண்டாயுதபாணி எழுந்தருளியிருக்கும் குன்று. மற்றொன்று இடும்பன் கோயில் கொண்ட குன்று. முன்னதற்குச் சிவகிரி என்றும் பின்னதற்குச் சக்திகிரி என்றும் பெயர். அகத்திய முனிவரின் பணியை ஏற்ற இடும்பன், இவ்விரு குன்றுகளையும் ஒரு கோலின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் சுமந்து வந்தான். களைப்பாற இறக்கி வைத்தவன் மீண்டும் தூக்க முயன்றபோது, குன்று அசையவில்லை. மேலே பார்த்தால், சிவகிரியின் உச்சியில் கோவணம் தரித்த ஒரு சிறுவன் நின்றுகொண்டு, 'இது என் மலை' என்கிறான். காவடி பிறந்த வரலாறு இவ்வாறு சொல்லப்படுகிறது.

இந்த வரலாற்றைத் தம் பாட்டியின் மடியில் கேட்டு வளர்ந்த ஒரு பெரியவர், அதன் உட்பொருளைத் தம்முடைய 68-ஆம் வயதில், மூன்று வயதுப் பேரனிடமிருந்து கற்றார்.

அது 2018-ஆம் ஆண்டு, ஆவணி மாதம். கொடைக்கானல் மலைச்சரிவுகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி பூத்திருந்த காலம். பேரனுக்குப் பழனியில் முடி காணிக்கை செலுத்திக் காது குத்திவிட்டு, அப்படியே மலையேறிக் குறிஞ்சியையும் கண்டு வருவது என்று குடும்பம் புறப்பட்டது. பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், பேரன் ஆகிய ஐவர்.

பிள்ளைக்கு முடியிறக்கும்போதும் காது குத்தும்போதும் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது நம் வழக்கம். குழந்தையின் தாய்மாமன் வெளிநாட்டில் இருந்தார். ஆகவே, மகனே தன் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டான். கத்தி தலையில் பட்டதும் குழந்தை வீறிட்டது. மகன் ஒரு கையால் தலையை அசையாமல் பிடித்தான். மறு கையைக் குழந்தையின் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். காதருகே குனிந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். அழுகை விம்மலாயிற்று, விம்மல் அடங்கியது. காது குத்தும்போதும் அப்படியே. முடிவில் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் முழுவதும் தந்தையின் சட்டையில் ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரின் மனைவி மெல்லச் சொன்னார்: "அன்னிக்கு இவனும் இப்படித்தான் அழுதான். மாமன் மடியில உட்கார்ந்துகிட்டு, வர்றவங்க போறவங்க முகத்தையெல்லாம் ஒவ்வொண்ணாப் பார்த்தான்."

அம்மையார் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும், பெரியவரின் நெஞ்சில் அது முள்ளாய்த் தைத்தது. 1983-ஆம் ஆண்டு இதே அடிவாரத்தில், இதே மகனுக்கு முடியிறக்கியபோது அவர் வரவில்லை. வேலை பார்த்தது வேற்றூரில். விடுப்புக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவர் கேட்டுப் பார்க்கவே இல்லை. 'தாய்மாமன் மடி இருக்கிறது, நான் எதற்கு?' என்று எண்ணி, செலவுக்கு மணியார்டர் அனுப்பினார். கடமை முடிந்தது என்று முப்பத்தைந்து ஆண்டுகள் நம்பியிருந்தார்.

யானைப் பாதை வழியாக அனைவரும் மலையேறினர். குழந்தை தந்தையின் தோளில் ஏறி அமர்ந்து, அவன் தலைமுடியைக் கடிவாளம்போல் பற்றிக்கொண்டது. பெரியவர் பின்னால் நடந்தார். 1994-ஆம் ஆண்டு இதே பாதையில் தாம் ஏறியது அவர் நினைவுக்கு வந்தது. அப்போதும் குறிஞ்சி ஆண்டுதான். மகனுக்கு 12 வயது. வெறுங்காலோடு நடந்த பிள்ளை, 'கால் சுடுதுப்பா' என்றபோது, 'ஆம்பளைப் பிள்ளைதானே, நட' என்று சொல்லிவிட்டு அவர் முன்னே சென்றார். பிள்ளை அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. தாயின் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு ஏறி வந்தது. கேட்பதைப் பிள்ளை நிறுத்திக்கொண்டது அந்த ஒருநாள் மட்டுமன்று என்பது, இப்போது எண்ணிப் பார்க்கையில் அவருக்குப் புலப்பட்டது.

தரிசனம் முடிந்து பிராகாரத்தில் சற்றே அமர்ந்தனர். எதிரே இடும்பன் மலை தெரிந்தது. பேரன் கேட்டான்: "தாத்தா, இது யார் மலை?"

"இதுவா? இதுக்குச் சிவகிரின்னு பேரு. சிவன் மலை."

"சிவன் யாரு?"

"முருகனோட அப்பா."

குழந்தை சற்று யோசித்தது. "அப்ப முருகன் அவங்கப்பா மேல ஏறி நிக்குதா?"

மருமகள் சிரித்தாள். மகனும் சிரித்தான். பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. மாம்பழத்தின் பொருட்டுத் தந்தையோடு கோபித்துக்கொண்டு, உடைமை யாவும் துறந்து, ஆண்டியாகத் தென்திசை வந்த பிள்ளை, கடைசியில் வந்து நின்றது எங்கே? தந்தையின் பெயரைத் தாங்கிய குன்றின் உச்சியில்! எதிரிலே தாயின் பெயர் தாங்கிய குன்று. உலகை வலம் வந்த பிள்ளைக்கும் நிற்பதற்கு இதைவிட வேறிடம் அகப்படவில்லை.

அந்தக் கதையை நாம் சொல்லும்போது பெரும்பாலும் பிள்ளையின் கோபத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அதன் பிற்பகுதியே தந்தையருக்கு உரியது. கோபித்துச் சென்ற மகனைச் சிவபெருமான் ஆள் அனுப்பி அழைக்கவில்லை. 'தானே திரும்பி வரட்டும்' என்று கயிலையில் காத்திருக்கவுமில்லை. அம்மையையும் உடன் அழைத்துக்கொண்டு, பிள்ளை இருக்கும் இடம் தேடி வந்தார். 'பழம் நீயே' என்று சமாதானம் சொன்னார். அச்சொல்லே பழனி ஆயிற்று என்பர். மூவுலகும் ஆளும் தந்தை, ஒரு சிறுபிள்ளையின் மனத்தாங்கலைத் தீர்க்க வந்தார் என்பதற்கு அந்த ஊரின் பெயரே சாட்சியாக நிற்கிறது.

சிவாலயங்களில் சோமாஸ்கந்தத் திருமேனியைத் தொழாதவர் இல்லை. திருவாரூரில் தியாகேசர் என்று போற்றப்படுவதும் அத்திருமேனியே. அதில் கந்தன் தாயின் பக்கம் ஒதுங்கியும் இல்லை, தந்தையை விட்டு விலகியும் இல்லை. இருவருக்கும் நடுவில் இருக்கிறான். இடும்பனின் கோலுக்கும் இரு முனைகள். ஒரு முனையில் மட்டும் பாரம் இருந்தால் காவடி தோளில் நிற்குமா? குழந்தை வளர்ப்பும் அத்தகையதே.

சேக்கிழார் பெருமான் காட்டும் சிவபாத இருதயரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சீர்காழியில் அவர் நீராடப் புறப்பட்டபோது மூன்று வயதுக் குழந்தை உடன் வருவேன் என்று அடம்பிடித்தது. அவர் அதட்டி நிறுத்திவிடவில்லை, அழைத்துச் சென்றார். கரையில் இருத்திவிட்டு அவர் நீரில் மூழ்கியிருந்த அந்தச் சிறு பொழுதில், தந்தையைக் காணாமல் குழந்தை அழுதது. அந்த அழுகைக்கு உமையம்மை ஞானப்பால் ஊட்டினார். திருஞானசம்பந்தர் நமக்குக் கிடைத்தார். அதன் பின்னும் தந்தையின் வேலை முடியவில்லை. தலந்தோறும் அக்குழந்தையைத் தோளில் சுமந்து நடந்தவர் சிவபாத இருதயர். திருநெல்வாயில் அரத்துறைக்குச் செல்லும் வழியில், தந்தை இனிச் சுமக்க வேண்டாம் என்று பிள்ளை தானே நடந்தது. அரத்துறை இறைவன் முத்துச் சிவிகை அருளினார். முத்துச் சிவிகை வரும்வரை அந்த ஞானக் குழந்தைக்குச் சிவிகையாய் இருந்தது தந்தையின் தோளே.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். வளைவுகளில் குழந்தைக்கு வயிற்றைப் புரட்டியது. மகன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, குழந்தையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, வாய் கொப்பளிக்கச் செய்து, மாற்றுச் சட்டை அணிவித்தான். மருமகளை அவன் எழுப்பவும் இல்லை. பெரியவர் முன்னிருக்கையில் இருந்தபடி எல்லாவற்றையும் கண்டார்.

அவர் காலத்தில் இது நடவாது. கூட்டுக் குடும்பத்தில், தன் தகப்பனார் முன்னிலையில் தன் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது மரியாதைக் குறைவு என்று கருதினர். அவரும் அப்படியே இருந்தார். ஊரில் இருக்கும் நாட்களிலும் திண்ணைக்கும் கூடத்துக்கும் இடையே தவழ்ந்து வந்த பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. மாற்றலாகி மாற்றலாகிப் பல ஊர்களில் இருந்துவிட்டு, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வீடு திரும்பினால், பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும். 'அப்பா என்றால் பயம்' என்று அவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. அது பயமன்று, பழக்கமின்மை. அந்த வேறுபாடு அவருக்கு அப்போது தெரியவில்லை.

மத்திய அரசுப் பணியில் இருக்கும் மகன், பேரன் பிறந்தபோது தனக்குரிய 15 நாள் தந்தைமை விடுப்பை எடுத்தான். "பிள்ளை பெத்தவளுக்கு லீவு கொடுக்கிறது சரி, உனக்கு எதுக்குடா?" என்று உறவினர் முன்னிலையில் நகைத்தவர் இவரே. மகன் அன்று பதில் சொல்லாமல் குழந்தையின் துணிகளை உலர்த்தப் போனான்.

கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். ஆவணியிலும் இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும். நள்ளிரவுக்குப் பின் குழந்தை அலறிக்கொண்டு எழுந்தது. "பசியோ?" என்றார் பெரியவர். "இது பசி அழுகை இல்லப்பா. காது குத்தின பக்கம் திரும்பிப் படுத்துட்டான்" என்ற மகன், விளக்கைக்கூடப் போடாமல் குழந்தையைத் தூக்கி, காது அழுந்தாதபடி தன் மார்பின்மேல் கிடத்திக் கம்பளியால் மூடினான். சற்று நேரத்தில் இருவரும் உறங்கிவிட்டனர். பெரியவருக்கு உறக்கம் வரவில்லை.

விடிந்ததும் மகனிடம் கேட்டார்: "பசி அழுகை வேற, வலி அழுகை வேற. இதெல்லாம் நீ எங்கப்பா கத்துக்கிட்ட?"

"அம்மாவைப் பார்த்துத்தான்" என்றான் அவன், இயல்பாக.

வேறு யாரைச் சொல்லியிருப்பான்? பார்ப்பதற்கு அவனுக்கு வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

அன்று பூம்பாறைக்குச் சென்றனர். கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், படிப்படியாய் இறங்கும் வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர். அங்கு விளையும் மலைப்பூண்டு பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு, 2019-ல், கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவ்வூரின் நடுவே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. பழனியைப் போலவே இங்குள்ள திருமேனியும் போகர் அமைத்த நவபாஷாணத் திருமேனி என்று பக்தர்கள் போற்றுவர்.

வேலப்பருக்குக் 'குழந்தை' என்ற அடைமொழி வந்ததற்கு ஒரு வரலாறு வழங்குகிறது. அருணகிரிநாதர் இத்தலத்துக்கு வந்து இரவில் துயின்றபோது, அவரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தாள். அடியவரைக் காக்க முருகன் குழந்தை வடிவம் கொண்டு அவர் அருகே படுத்துக்கொண்டான். காவித் துணியைப் போர்த்தியபடி ஓர் உருவமும், அதை ஒட்டி ஒரு குழந்தையும் உறங்குவதைக் கண்ட அரக்கி, யாரோ ஒரு தாய் தன் மகவுடன் துயில்கிறாள் என்று எண்ணி, தீங்கு செய்ய மனமின்றித் திரும்பிவிட்டாள். குழந்தையாய் வந்து காத்தமையால் குழந்தை வேலர்.

இதைக் கேட்டதும் பெரியவருக்கு முந்தைய இரவு கண்முன் வந்தது. கம்பளிக்குள் தந்தையும் பிள்ளையும் ஓருருவாய்க் கிடந்த காட்சி. துறவியாயினும், ஆணாயினும், பக்கத்தில் ஒரு குழந்தை நம்பிக்கையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அவன் தாயாகவே தெரிகிறான். அரக்கியின் நெஞ்சும் அங்கே இளகிவிடுகிறது. தாய்மை என்பது பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட தொழிலன்று. குழந்தையின் அருகில் படுத்திருப்பவர் எவருக்கும் அது வந்து சேரும். அருகில் படுக்க வேண்டும், அவ்வளவே. அந்த 'அவ்வளவு'தான் தம்மால் கொடுக்க முடியாமற் போயிற்று என்று பெரியவர் உணர்ந்தார்.

திரும்பும் வழியில் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு வந்தனர். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி இராமநாதன், 1936-ஆம் ஆண்டு எழுப்பிய கோயில் இது. ஐரோப்பிய மரபில் பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, குறிஞ்சிக் கடவுளுக்கு மலைமேல் இல்லம் அமைத்த அம்மையார் அவர். கோயிலின் புறத்தே நின்று நோக்கினால், மேகமில்லாத பொழுதில், வெகு தொலைவில் கீழே பழனி மலை தெரியும். அன்று மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. சுற்றிலும் குறிஞ்சி நீலம் போர்த்திருந்தது. ஒருமுறை பூத்துக் காய்த்தபின் அச்செடி பட்டுப்போகும். உதிர்ந்த வித்திலிருந்து முளைப்பது அடுத்த பன்னிரண்டாம் ஆண்டு பூக்கும்.

பெரியவர் மனத்துள் கணக்கிட்டார். 1982-ல் குறிஞ்சி பூத்தபோது மகன் கைக்குழந்தை. அடுத்தது பூத்தபோது, தோளில் ஏறும் வயதைக் கடந்து, கேட்பதை நிறுத்திவிட்ட சிறுவன். ஒரு குறிஞ்சிக்கும் மறு குறிஞ்சிக்கும் இடையே ஒரு பிள்ளையின் குழந்தைமை முழுவதும் தீர்ந்துவிடுகிறது. இனி 2030-ல்தான் பூக்கும். அப்போது இந்தப் பேரனுக்கு 15 வயதாகியிருக்கும்.

"அவனை இங்க கொடுப்பா" என்றார் மகனிடம்.

"வேண்டாம்ப்பா, உங்களுக்கு முட்டி வலிக்கும்."

"பரவாயில்ல, கொடு."

படியில் அமர்ந்து பேரனை மடியில் வாங்கிக்கொண்டார். குழந்தையின் மொட்டைத் தலை அவர் மார்பில் சாய்ந்தது. சந்தன மணம் இன்னும் மிச்சமிருந்தது. மேகம் விலகிக் கீழே குன்று தெரிந்தபோது, மகனைப் பார்க்காமல், அக்குன்றைப் பார்த்தபடியே சொன்னார்: "உனக்கு மொட்டை போட்டப்ப நான் வரல."

"எனக்கு ஞாபகமே இல்லையேப்பா. ஒரு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"எனக்கு இப்ப ஞாபகம் வருது."

மகன் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துத் தந்தையின் அருகே அதே படியில் வந்து அமர்ந்தான். மூவரும் பழனி இருக்கும் திசையைப் பார்த்திருந்தனர். தள்ளி நின்ற அம்மையார் அவர்களை அழைக்காமல், கோயிலை இன்னொரு முறை வலம் வந்தார்.

நம் இல்லங்களில் இன்றைய இளம் தந்தையர் குழந்தையைக் குளிப்பாட்டுவதையும், சோறு ஊட்டுவதையும், கால் கழுவி விடுவதையும் காணும்போது, 'எங்கள் காலத்தில் இப்படியா?' என்று ஏளனமாய்ச் சொல்லும் பழக்கம் முதியோராகிய நம்மிடம் இருக்கிறது. பொருளீட்டி வீட்டைக் காத்த நம் உழைப்பு சிறியதன்று. ஆனால், அந்த உழைப்பின் நடுவே நாம் இழந்த ஒன்றை நம் பிள்ளைகள் இழக்காமல் இருக்கிறார்கள் என்றால் அதற்கு மகிழ்வதே முறை. சிவபெருமான் தேடி வந்தபோதும் பிள்ளை கோபித்துக்கொண்டு வந்தபின்தான் வந்தார். காலம் தாழ்ந்துதான் வந்தார். ஆயினும் வந்தார். தாத்தாவான பின்னும் தந்தையாக ஒருவர் வந்து சேரலாம். வழி அடைபடவில்லை.

அன்று இரவும் கொடைக்கானலில் குழந்தை விழித்து அழுதது. இம்முறை முதலில் எழுந்தவர் பெரியவர். மகனைத் தொட்டு எழுப்பி, "இது எந்த அழுகை?" என்று கேட்டார்.

"பசிப்பா. பால் காய்ச்சணும். ரொம்பச் சூடா இருக்கக்கூடாது. மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க."

சுவாமிமலையில் மகனிடம் உபதேசம் கேட்ட தந்தையைப் போல, பெரியவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தக் குளிரில், இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டு, பாலை நிதானமாக ஆற்றத் தொடங்கினார்.